பஸ்கி அண்ணாச்சியும் காணாமல் போன கன்றும்

உட்கார்ந்து எழுந்தே ஆயுசைக் கழித்தவர் என்று உலகத்தில் ஒருத்தரைச் சொல்லணுமென்றால், மேலகரம் பஸ்கி அண்ணாச்சியைத்தான் சொல்லணும். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். ரயில் தாமதமா, பிளாட்பாரத்தில் பஸ்கி. அடுத்த பந்திக்குக் காத்திருக்கணுமா, கல்யாண வீட்டு வாழைமரத்தடியில் பஸ்கி. துஷ்டி வீட்டில்கூட, பாடை கட்ட நேரமாகுதே என்று கொல்லைப்பக்கம் போய் நாலைந்து எடுத்துவிட்டு வந்துதான் அழுதார்.

அப்பேர்ப்பட்டவருக்குக் குடலிறக்கம் வந்தது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஓடிவந்த வருஷம். ஊருக்கு ராமேஸ்வரம் யாத்திரை என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் பண்ணிக்கொண்டு வந்தார். சமதரையில் மெதுவாக நடக்கணும், தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டணும், வலித்தால் நிறுத்தணும், இருமல் வந்தால் வயிற்றைக் கையால் தாங்கிக்கொள்ளணும், எதையும் தூக்கக்கூடாது, இழுக்கக்கூடாது, அருவிக்கு அடியில் நிற்கவே கூடாது. இப்படி இருந்தால் தை பிறந்ததும் பஸ்கி எடுக்கலாம் என்றார் டாக்டர்.

நான் நாலாங்கிளாஸோடு நின்றவன். ஆனாலும் இதை அட்சரம் பிசகாமல் மனப்பாடம் பண்ணினேன். அவரைக் காலையில் கூட்டிக்கொண்டு நடக்கிற வேலையை அவர் சம்சாரம், எங்கள் மதினி, என்னிடம் ஒப்படைத்திருந்தாள். பயந்தாங்கொள்ளிதான் பத்திரமாகக் கூட்டிவருவான் என்பது அவள் எண்ணம். ஜப்பான் குண்டு எனக்கு ஒரு பயம், அண்ணாச்சி வயிற்றுத் தையல் ஒரு பயம். தையல்தான் பக்கத்தில் இருந்தது.

குற்றாலம் ரோட்டில் நடந்தோம். சாரல் தொடங்கிவிட்டது. உடம்பெல்லாம் எண்ணெயோடு அருவிக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் தெரிந்த முகம். என்ன அண்ணாச்சி, நடை தளர்ந்துபோச்சே என்று ஒருத்தன் கேட்டுவிட்டான்.

"கன்னுக்குட்டியக் காணும்லே. தேடிக்கிட்டுப் போறேன்" என்றார் அண்ணாச்சி, கூசாமல்.

அவர் வீட்டில் மாடே கிடையாது.

எங்கள் பக்கம் ஒருத்தர் கன்று காணாமல் போனால் அது ஊர்க்காரியம். என்ன நிறம் என்று கேட்டார்கள். செவலை என்றார். மாடில்லாத வீட்டில் ஏது கன்று என்றவர்களிடம், சந்தையில் வாங்கினது வருகிற வழியிலேயே அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது என்றார். மறுநாள் நெற்றியில் வெள்ளைச் சுட்டியும் சேர்ந்தது. குளத்தங்கரையெல்லாம் ஆட்கள் தேடினார்கள். பெண்கள் பண்பொழி முருகனுக்கு நேர்ந்துகொண்டார்கள். தலையாரி தமுக்கே அடித்துவிட்டான். உள்ளதைச் சொல்லிவிடுவோம் என்று கெஞ்சினேன்.

"மூச்சு விடாதலே. வயித்தக் கிழிச்சுத் தச்சுருக்குன்னு தெரிஞ்சா ஒரு பய என்னைய மதிப்பானா?"

கடைசியில் ஆய்க்குடிக்காரர் ஒருத்தர் ரோட்டிலேயே எங்களை மறித்தார். கையில் கயிறு, கயிற்றில் செவலைக் கன்று, நெற்றியில் சுட்டி. கூட்டம் கூடிவிட்டது. அண்ணாச்சி கன்றைப் பார்த்தார், கன்று அண்ணாச்சியைப் பார்த்தது. இரண்டு பேருக்கும் அறிமுகம் இல்லை.

"இதேதான்" என்று கயிற்றை வாங்கிக்கொண்டார்.

நான் பிடிக்கிறேன் என்று கை நீட்டினேன். முறைத்தார். அந்த நேரம் பார்த்துக் பெட்ரோல் பஞ்சத்தில் கரியை எரித்து ஓட்டின கரி பஸ் ஒன்று புகையும் சத்தமுமாக வந்தது. கன்று மிரண்டு வயலைப் பார்த்துப் பாய்ந்தது.

"கயித்த விட்டுருங்க அண்ணாச்சி" என்று நான் கதறினேன். அத்தனை பேர் பார்க்கிறார்களே, விடுவாரா? குதிகாலை ஊன்றி இழுத்து நிறுத்திவிட்டார். சபாஷ் போட்டார்கள். சிரித்துக்கொண்டே என் தோளைப் பிடித்தார். பிடியில் பலமே இல்லை. வேட்டியில் ரத்தம்.

மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி கத்தி. டாக்டர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கலக்கமாக இருந்தது. பிழைத்தது பெரிசு, நடக்கலாம், பஸ்கி இனி ஆயுசுக்கும் கிடையாது என்றார்.

கன்றின் நிஜச் சொந்தக்காரர் வந்து அதை ஓட்டிக்கொண்டு போனார். விஷயம் வெளியாகி ஊரே அண்ணாச்சியைப் பார்க்க வந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நாங்களும் உங்ககூட மெதுவா நடந்திருப்பமே அண்ணாச்சி" என்றான் தமுக்கடித்த தலையாரி.

கத்திக்கு அழாத மனுஷன் அதற்கு அழுதார்.

அப்புறமும் வெகுகாலம் இருந்தார். ஒளிவு மறைவில்லாமல், வயிற்றில் கை வைத்தபடி, தினமும் என்னோடு நடந்தார். இப்போது நான் தனியாகத்தான் போகிறேன். நடை கொஞ்சம் வேகமாகிவிட்டால், ஆள் பின்தங்கிவிட்டாரே என்று நின்றுவிடுகிறேன்.