‘எதுக்கும்’ அண்ணனும் சுற்றிச் சுற்றி வந்த கேள்வியும்

கடலூர் மாவட்டத்தின் மொத்தப் பயத்தையும் ஒரே ஆளிடம் கொடுத்து வைத்திருந்தார்கள் என்றால், அது எங்கள் ‘எதுக்கும்’ அண்ணன்தான். குடிகாட்டை ஒட்டிய ஒரு ரசாயன ஆலையில் கணினி நெட்வொர்க் அவர் பொறுப்பு; நான் அவருக்கு உதவியாள். எதைச் செய்தாலும், “எதுக்கும் இன்னொரு தடவ பாத்துடலாம்” என்பார். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

சிதம்பரத்தில் ஒரு கல்யாணம். எல்லோரும் பந்திக்கு ஓட, இவர் சமையற்கட்டில் சிலிண்டர் ட்யூபை முகர்ந்துகொண்டிருந்தார். சமையல்காரர் மிரண்டுபோய், “யாரு சார் நீங்க, மாப்ள வூடா, பொண்ணு வூடா?” என்றார்.

“சாப்பிட வந்தவன். வாஷர் தேஞ்சிருக்கு, மாத்துங்க.”

சிரித்தோம். ஆனால் அவர் வீடு ஆலையின் மதிலை ஒட்டியிருந்தது. மனைவியும் மகளும் அங்கேதான். ஆலையில் எது கசிந்தாலும், காற்று அந்தப் பக்கம் அடித்தால் முதலில் அவர் வீட்டுக்குத்தான் வரும்.

அந்தச் சமயம் கம்பெனி பாதிக் கணினிகளைக் கிளவுடுக்கு, அதாவது வெளியே வாடகைக்கு எடுத்த சர்வர்களுக்கு, மாற்றியது. அங்கே மூன்று தனித்தனி அக்கவுண்ட். இங்கே ஆலையின் பழைய சர்வர்கள். ஒரு கணினி இன்னொன்றைப் பெயர் சொல்லித்தான் தேடும். அந்தப் பெயருக்கு உரிய எண்ணைச் சொல்வது டிஎன்எஸ் சர்வர். ஆலைக்கு ஒன்று, மூன்று அக்கவுண்டுக்கும் பொதுவாகக் கிளவுடில் ஒன்று என்று அண்ணன் வரைந்தார். ஆலைப் பெயரை இங்கே கேட்க வேண்டும், கிளவுட் பெயரை அங்கே.

“ரெண்டுலயும் சேராத பேரு வந்தா, தெரியாதுன்னு நேரா சொல்லிடணும். பக்கத்து டேபிளுக்குத் தள்ளக் கூடாது. நம்ம ஆபீஸ் பழக்கம் மிஷினுக்கு வேணாண்டா.”

ஒரு மதியம் அவர் சாப்பிடப் போயிருந்தபோது, ஏதோ பெயர் கிடைக்கவில்லை என்று சென்னை ஆபீஸிலிருந்து என்னை நச்சரித்தார்கள். தெரியாத பெயரெல்லாம் ஆலைக்குப் போகட்டும் என்று கிளவுடில் ஒரு விதி எழுதினேன். போதாததற்கு, தெரியாததெல்லாம் கிளவுடுக்குப் போகட்டும் என்று ஆலையிலும் எழுதினேன்.

விடையில்லாத கேள்விகள் அங்கும் இங்கும் சுற்றின; சுற்றச் சுற்றப் பெருகின. இரண்டு சர்வரும் திணறி, தெரிந்த பெயருக்கும் பதில் சொல்லாமல் நின்றன. கன்ட்ரோல் ரூமில் வாயுக் கசிவைக் காட்டும் திரை வெறுமையானது.

அண்ணன் எச்சில் கையோடு ஓடி வந்து, கன்ட்ரோல் ரூமில் இருந்த மூத்த ஆபரேட்டருக்குப் போன் போட்டார். “மாமா, ஸ்கிரீன நம்பாதீங்க. ஆள அனுப்பி டேங்க்கிட்ட இருக்குற கேஸ் மீட்டர நேரா படிக்கச் சொல்லுங்க. காத்து எந்தப் பக்கம் அடிக்குது?”

பதிலைக் கேட்டார். “எங்க வூட்டுப் பக்கம்” என்றார் மெதுவாக.

பிறகு என்னைப் பார்த்தார். “இன்னாடா பண்ண?”

சொன்னேன்.

“ரெண்டு பக்கமுமா?”

“ரெண்டு பக்கமும்ணே.”

“ஒரு பக்கத்தோட நிறுத்த மாட்டியா? அவ்ளோ தாராள மனசா உனக்கு? தூக்குடா ரெண்டு ரூலையும்!”

தூக்கினேன். முதலில் போனில் மீட்டர் படித்த ஆளின் குரல் வந்தது: “எல்லாம் ஜீரோ சார்.” அப்புறம்தான் திரை வந்தது.

யார் செய்தது என்று சென்னை மேலதிகாரி போனில் கத்தினார். என் வேலை போயிற்று என்று நினைத்தேன். “கேக்காம ரூல் எழுத முடியிற மாதிரி நாந்தான் சார் வெச்சிருந்தேன். என் தப்பு” என்றார் அண்ணன்.

அடுத்து வீட்டுக்குப் பேசினார். “ஒண்ணுமில்ல… ஜன்னல் மூடியிருக்கா? சும்மாதான் கேட்டேன். பாப்பா சாப்ட்டுச்சா?” குரல் அசையவே இல்லை.

போனை வைத்தார். டீ வந்தது. அவரால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. கடைசி வாய் வரைக்கும் நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.