பத்து விரலும் பதினோராம் வகுப்பும்

ஊரில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஊர் நம்பும். அதில் பெரிய ஆபத்து இல்லை. அவனும் அதை நம்ப ஆரம்பிக்கும்போதுதான் ஆபத்து. எழுபதுகளின் நடுவில், கேரள எல்லைக்குள் மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊரில் அப்படி நம்பிய மடையன் நான்தான்.

அப்போது பாலக்காட்டில் பி.எஸ்ஸி. இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். (கணக்கில் ஒரு பேப்பர் பாக்கி இருந்தது. அது ஊருக்குத் தெரியாது, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.) பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் யாருக்கு எந்தக் காலேஜில் இடம் கிடைக்கும் என்று குறி சொல்வது என் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, நானே எடுத்துக்கொண்டது. அதற்கென்று நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருந்தேன். மார்க்குக்கு ஒரு கட்டம், கையெழுத்து அழகுக்கு ஒரு கட்டம், இன்டர்வியூவுக்குக் கூட வரும் அப்பா வேட்டியா பேண்ட்டா என்பதற்கு ஒரு கட்டம். எல்லாவற்றையும் கூட்டி, எதனாலோ வகுத்து, நூற்றுக்கு இத்தனை என்று சொல்லிவிடுவேன். எதனால் வகுத்தேன் என்று இன்று கேட்டால் தெரியாது. அன்றைக்கும் தெரியாது.

ஆனால் மூன்று தடவை பலித்துவிட்டது. இரண்டு பேருக்குக் கிடைக்கும் என்றேன், கிடைத்தது. மூன்றாவது ஆளுக்குக் கிடைக்கவே கிடைக்காது என்றேன். அவன் விண்ணப்பமே போடவில்லை. அதையும் என் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டேன்.

அந்த வருடம் என் சித்தப்பா மகள் மரகதம் அறுநூற்றுக்கு நானூற்றுப் பதினெட்டு வாங்கினாள். அந்தக் காலத்தில் முந்நூற்று அறுபது எடுத்தாலே முதல் வகுப்பு, ஊரெல்லாம் மிட்டாய் கொடுப்பார்கள். மரகதம் அதிகம் பேசமாட்டாள். யாராவது பேசினால் கேட்டுக்கொண்டே இருப்பாள், கடைசியில் ஒரு வார்த்தை சொல்வாள். கணக்கு டீச்சராக வேண்டும் என்பது அவள் ஆசை. நாச்சிமுத்து சித்தப்பாவுக்கோ வேறு யோசனை இருந்தது.

"பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு நல்ல எடம் வந்திருக்குது. தென்னந்தோப்பு, களம், எல்லாம் இருக்குது. காலேஜுல சீட்டு கெடச்சா படிக்கட்டும், நான் வேண்டாங்கல. கெடைக்கலீன்னா ஆவணீல கண்ணாலம்" என்று சொல்லிவிட்டார். சித்தப்பா ஒரு பேச்சுச் சொன்னால் சொன்னதுதான்.

மறுநாள் காலையில் பால் சொசைட்டியில் வைத்து என்னைப் பிடித்தார். பால் ஊற்ற வந்த கூட்டம் சுற்றிலும் நின்றது. மகளுக்கு எத்தனை வாய்ப்பு என்று கேட்க வேண்டும், ஆனால் நாலு பேர் காதில் விழுந்து கண் பட்டுவிடக் கூடாது. சித்தப்பா என்ன செய்தார் தெரியுமா? தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கைமேல் போட்டார். வாரா வாரம் பொள்ளாச்சிச் சந்தையில் மாடு பிடிக்கிறவர் அவர். அங்கே விலையை வாயால் பேசமாட்டார்கள். துண்டுக்குள் ஒருத்தர் விரலை ஒருத்தர் பிடித்துப் பேசி முடித்துக்கொள்வார்கள், பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

"ஒரு வெரலுக்குப் பத்து. சொல்லு" என்றார், வானத்தைப் பார்த்துக்கொண்டு.

நான் ஐந்து விரலை அழுத்தினேன். சித்தப்பா முகம் வாடியது. மறுபடியும் ஐந்தை அழுத்தினேன். அவர் கண் விரிந்தது.

"பத்துமா?"

"கோயமுத்தூரு காலேஜுக்கே பத்துங்க சித்தப்பா" என்றேன் மெதுவாக.

கோயம்புத்தூரில் பெண்கள் மட்டும் படிக்கும் ஒரு பெரிய கல்லூரி. (பேர் வேண்டாம். தப்பு அவர்கள்மேல் இல்லை.) அங்கே இடம் கிடைப்பது சாமானியம் இல்லை என்பார்கள். அங்கே போய் என் தங்கை படிக்கிறாள் என்று பாலக்காட்டு நண்பர்களிடம் சொல்ல எனக்கு நாக்கு துடித்துக்கொண்டிருந்தது. ஒருநாள் கோயம்புத்தூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், அங்கெல்லாம் முந்நூற்று எண்பது இருந்தால் கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்று சொல்லியிருந்தார். அவர் யார், என்ன படித்தவர் என்று நான் கேட்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், போதாதா?

விண்ணப்பத்தை வாங்கி வந்து நானே பூர்த்தி செய்தேன். அதில் ஓரிடத்தில் 'பதினோராம் வகுப்பு தேறிய பள்ளி' என்று அச்சடித்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு பெரிய காலேஜ், பள்ளிக்கூடம் பத்தோடு முடிகிறது என்பதுகூடத் தெரியாமல் அச்சடித்திருக்கிறார்களே! பேனாவை எடுத்து 'பதினோராம்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'பத்தாம்' என்று திருத்தி எழுதினேன். பக்கத்தில் என் கையெழுத்தையும் போட்டேன்.

மரகதம் பார்த்துக்கொண்டே நின்றாள். "ஏனுங்ணா, அவிங்க தெரியாமயா அடிச்சிருப்பாங்க?" என்றாள்.

"அச்சாபீசுக்காரன் தப்பு. உனக்கு இதெல்லாம் தெரியாது."

அவள் கையில் இன்னொரு விண்ணப்பம் இருந்தது. பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர் காலேஜில் பிரீ டிகிரி சேர்வதற்கு அவளுடைய டீச்சர் வாங்கிக் கொடுத்தது. "இதையும் போட்டு வெக்கலாங்களாண்ணா?" என்று கேட்டாள். சித்தப்பாவும், "ஆமாடா மணி, எதுக்கும் அதையும் போட்டு வெச்சா என்ன?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! என் பத்து விரலை நம்பவில்லையா? "கறவ மாடு கட்டுத்தறீல நிக்கையில மலட்டு மாட்டுக்கு ஆராச்சும் வெல பேசுவாங்களா சித்தப்பா?" என்று ஒரு போடு போட்டேன். சந்தைப் பேச்சு சித்தப்பாவுக்கு உடனே பிடித்துவிட்டது. என் மேசைக்கு ஒரு கால் குட்டை, எழுதும்போதெல்லாம் ஆடும். சித்தூர் விண்ணப்பத்தை வாங்கி நாலாக மடித்து அந்தக் காலுக்கு அடியில் செருகினேன். "இதுக்கு இதுதான் சரியான எடம்" என்றேன். மரகதம் அந்த மேசைக்காலை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

ரெண்டு நாள் கழித்து மேசை மறுபடி ஆடியது. நான் ஒரு அட்டையை மடித்து வைத்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

கோயம்புத்தூரிலிருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டு அட்டை வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஊருக்குள் மூன்று சுற்றுச் சுற்றினேன். மரகதத்தைவிட நான்தான் அதிகமாகச் சுற்றினேன் என்று சித்தி இன்றைக்கும் சொல்வார்.

அந்த நாளும் வந்தது. சித்தப்பா கஞ்சி போட்ட சட்டை, சலவைத் துண்டு. பொள்ளாச்சி வழியாகப் பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தோம். பெரிய ஹால். நூறு பெண்களாவது இருப்பார்கள், கூடவே அப்பா அம்மாக்கள். சான்றிதழ் பார்க்கும் மேசையில் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மரகதத்தின் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ்ப் புத்தகத்தைப் புரட்டினார். மார்க்கைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் சித்தப்பாவைப் பெருமையாகப் பார்த்தேன். பெரியவர் இன்னொரு பக்கம் புரட்டி நிறுத்தினார்.

"ஏனுங்க, இந்தப் புள்ள பத்தாவதுதானுங்களே முடிச்சிருக்குது?"

"எஸ்.எஸ்.எல்.சி.ங்க. நானூத்திப் பதினெட்டுங்க" என்றேன்.

"மார்க்கு கெடக்குதுங்க தம்பி. அது கேரளா எஸ்.எஸ்.எல்.சி. அங்க பத்து வருசப் படிப்பு, அப்பறம் ரெண்டு வருசம் பிரீ டிகிரி. நம்ம பக்கம் இஸ்கோலே பதினொரு வருசம், அப்பறம் இங்க ஒரே வருசம் பி.யு.சி. பதினொண்ணு படிக்காம இங்க சேத்த முடியாதுங்க. ஒரு வருசம் கொறையுது."

எங்கள் தோட்டத்திலிருந்து பார்த்தால் தமிழ்நாடு தெரியும். எங்கள் வீட்டு எருமை தினமும் அங்கே போய் மேய்ந்துவிட்டுச் சாயங்காலம் திரும்பி வரும். எல்லை தாண்டினால் படிப்பு ஒரு வருடம் நீளும் என்று எந்தப் பயலாவது எனக்குச் சொன்னானா? (அச்சடித்துச் சொல்லியிருந்தார்கள். நான்தான் அடித்துத் திருத்தியிருந்தேன்.)

சித்தப்பா களத்தில் இறங்கினார். 'கொறையுது' என்ற பேச்சு சந்தையில் வந்தால் பேரம் ஆரம்பம் என்று அர்த்தம். அவர் ஒரு அடி முன்னால் போனார், தோள் துண்டை எடுத்துப் பெரியவரின் வலது கைமேல் போட்டார், உள்ளே கையை விட்டு விரல்களைப் பிடித்தார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

பெரியவர் நாற்காலியோடு துள்ளிவிட்டார். "யோவ்! ஏன்யா கையப் புடிக்கற!"

"சத்தம் போடாதீங்க. பத்தா பதினொண்ணான்னு நமக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்."

"இது சந்தை இல்லீங்க, காலேஜு!"

ஹால் முழுக்கச் சிரித்தது. நூறு பெண்களும் சிரித்தார்கள், அவர்களுடைய அப்பாக்கள் சிரித்தார்கள், கதவோரம் நின்ற வாட்ச்மேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பெரியவர் கையை உதறிக்கொண்டு விண்ணப்பத்தைத் தூக்கிப் பார்த்தார். அவர் கண் அந்தத் திருத்தத்தில் போய் விழுந்தது.

"காலேஜுல அச்சடிச்சத அடிச்சுத் திருத்துனது ஆருங்க? கையெழுத்து வேற போட்டிருக்குது!"

சித்தப்பா என்னைப் பார்த்தார். மரகதம் என்னைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். பூமி பிளந்து உள்ளே போவது என்பார்களே, நான் காத்திருந்து பார்த்தேன், பிளக்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது சித்தப்பா துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பொள்ளாச்சி தாண்டியதும், "நாளைக்கு மாப்ள ஊட்டுக்கு ஆள் தாட்டி உட்டறேன்" என்றார். அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. நிஜமாகவே அழுதேன், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. சித்தூர் காலேஜுக்குக் கடைசித் தேதி முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. நானூற்றுப் பதினெட்டு வாங்கிய பிள்ளை, என் வாய்க்கொழுப்பால் ஆவணியில் தேங்காய்க் களத்தில் கொப்பரை காயப்போடப் போகிறது. முன் சீட்டில் மரகதம் கடலை தின்றுகொண்டு வந்தாள். பாவம், அதிர்ச்சியில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஓடிப்போய் மேசையைத் தூக்கினேன். பிரின்சிபால் காலில் விழுந்தாவது அந்த விண்ணப்பத்தைக் கொடுத்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. காலுக்கு அடியில் நான் வைத்த அட்டைதான் இருந்தது. விண்ணப்பம் இல்லை. அப்படியே சித்தப்பா வீட்டுக்கு ஓடினேன்.

"மரகதம், அந்தச் சித்தூர் பாரம்…"

"உங்க மேச ஆடுச்சுங்களாண்ணா?" என்றாள் அவள்.

உள்ளே போய் முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு அட்டையை எடுத்து வந்தாள். சித்தூர் காலேஜிலிருந்து வந்த இன்டர்வியூ அட்டை. வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தது. நான் செருகிய மறுநாளே, நான் இல்லாத நேரம் பார்த்து எடுத்துப் பூர்த்தி செய்து அனுப்பிவிட்டாள். 'ரக்ஷகர்த்தா', அதாவது பெற்றோர் அல்லது பாதுகாவலர், கையெழுத்து என்று இருந்த இடத்தில் சித்தி போட்டிருக்கிறார். பால் சொசைட்டி நோட்டைத் தவிர வேறு எதிலும் அதுவரை கையெழுத்துப் போடாத சித்தி!

"ஏன் பிள்ள எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லியிருந்தா அதுக்கும் நூத்துக்கு எத்தனைன்னு சொல்லியிருப்பீங்க."

வாசலில் நின்ற சித்தப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சித்தியைப் பார்த்தார். "சீட்டு கெடச்சாப் படிக்கட்டும்னுதான் சொன்னீங்க. எந்தூருச் சீட்டுன்னு சொல்லலீங்களே" என்றார் சித்தி. சித்தப்பா கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். பிறகு மரகதத்திடம் போய்த் துண்டை அவள் கைமேல் போட்டார். நான் எட்டிப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை.

"அஞ்சுதானா?" என்றார் சித்தப்பா.

"பாதிக்குப் பாதிதானுங்கப்பா. போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "இது பேச்சு" என்றவர், என் பக்கம் திரும்பி, "வெள்ளிக்கெழம நீ வர வேண்டாம்" என்றார்.

சித்தூரில் விண்ணப்பத்தைப் பார்த்தவர், நடுவில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருக்கிறதே, இது என்ன என்று கேட்டாராம். "மேசக்காலுங்க" என்றாளாம் மரகதம். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. இடம் கொடுத்துவிட்டார். பொள்ளாச்சி மாப்பிள்ளை வேறு இடத்தில் பெண் எடுத்தார். மரகதம் கணக்கு படித்து, கணக்கு டீச்சராகி, ஓய்வும் பெற்றாயிற்று. என் பாக்கிப் பேப்பரை நான் பாஸ் செய்ததுகூட அவள் சொல்லிக் கொடுத்துத்தான். (இதை இத்தனை வருடம் யாரிடமும் சொல்லவில்லை.)

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் 'சித்தூர்' என்பது ஊர்ப் பெயர் மட்டும் இல்லை. பந்திக்கு ஆள் கூடிவிடும் என்று தோன்றினால், "ஒரு சித்தூர் பாத்து வெச்சுக்கங்க" என்று கூட ஒரு படி அரிசி ஊறப்போடுவார்கள். எனக்குப் பெண் பார்த்தபோதும் அம்மா ஒரு சித்தூர் பார்த்து வைத்திருந்தார். நான் நூற்றுக்கு நூறு என்று சொன்ன பெண்வீட்டார் வேண்டாம் என்றுவிட்டார்கள். சித்தூர்தான் இன்று உள்ளே எனக்குக் காப்பி போட்டுக்கொண்டிருக்கிறாள்.

போன வருடம் பேத்திக்குப் பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்தது. வீடு நிறைய ஒறம்பரை, சொந்தக்காரக் கூட்டம். மரகதமும் வந்திருந்தாள். எனக்குப் பழைய ரத்தம் கொதித்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மார்க்கை வாங்கிப் பார்த்தேன், தொண்டையைச் செருமினேன்.

"இந்த மார்க்குக்கு நூத்துக்கு…"

பேத்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தரையில் மண்டி போட்டு, என் மேசைக்கு அடியில் கையை விட்டுத் தேட ஆரம்பித்தாள்.