எப்ப நைனா எடுப்ப?

தெருமுனை இஸ்திரி வண்டிக்குப் பின்னால் அன்புராஜ் குனிந்து நின்றுகொண்டிருந்தான். கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்தவன். வீடு நாலு வாசல் தள்ளித்தான் இருந்தது. ஆனால் போக முடியவில்லை.

"யாருண்ணே, போலீசா?" என்று இஸ்திரிக்காரர் தேய்ப்பதை நிறுத்தாமல் கேட்டார்.

"பக்கத்து ஊட்டுப் பெரிம்மா. வாசல்ல கீறாங்களா பாரு."

"கீறாங்க. கொடம் கழுவினுகீறாங்க."

ஞானம்மா சாயந்திரத்தில் குடம் கழுவுகிறார் என்றால், அது குடத்துக்காக இல்லை, அவனுக்காக. அன்புராஜ் இரும்பு உருக்குகிற உலைக்கு முன்னால் நாள் முழுக்க நிற்கிறவன். அந்தச் சூடு அவனுக்குப் பழகிவிட்டது. அந்த அம்மாளின் ஒரே ஒரு கேள்விதான் இன்னும் பழகவில்லை.

சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு சாக்கடை சந்து வழியாகப் பின்பக்கம் போனான். சைக்கிளை உள்ளே இறக்கிவிட்டு மதில்மேல் ஒரு காலைப் போட்டான். அந்தப் பக்கம், தன் வீட்டுக் கொல்லையில், கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார் ஞானம்மா.

"வா நைனா," என்றார். ஒரு மனுஷன் மதில்மேல் உட்கார்ந்திருப்பதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அதைவிட மோசமானதைக் கேட்டார். "வண்டிய எப்ப நைனா எடுப்ப?"

"எடுத்துடறேன் பெரிம்மா."

அவர் திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும். பெருமூச்சு விட்டுவிட்டுத் துணியோடு உள்ளே போனார். அன்புராஜ் இன்னொரு காலையும் எடுத்துப் போட்டுத் தன் பக்கம் இறங்கினான்.

விஷயம் இதுதான். போன ஆயுத பூஜைக்கு முந்தின ஆயுத பூஜை சமயத்தில், கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு சூளையில் கோழி அடைத்து வைத்திருந்த அம்பாசடர் கார் ஒன்றை அவன் வாங்கினான். டிராக்டரில் கட்டி கும்மிடிப்பூண்டிக்கு இழுத்து வந்தான். அவன் வீட்டில் சைக்கிளுக்கே இடம் கிடையாது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஞானம்மாவின் மண் துண்டு ஒன்று சும்மா கிடந்தது. அவர் அன்றைக்கு ஊரில் இல்லை. வந்தால் சொல்லிக்கொள்ளலாம் என்று அங்கே நிறுத்திவிட்டான்.

ஞானம்மா அங்கன்வாடியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலையில் கோயிலுக்குப் போகிறவர். அசிங்கமான ஒரு வார்த்தை அவர் வாயில் வந்து தெருவில் யாரும் கேட்டதில்லை. மறுநாள் வந்து வண்டியைப் பார்த்ததும் அவருக்கு முகமே மாறிவிட்டது.

"ரெண்டு நாள்தான் பெரிம்மா. எடுத்துடறேன்," என்றான் அன்புராஜ்.

"ரெண்டு நாள்தான நைனா? அதுக்கு மேல தாங்காது."

காரை ஓட வைத்து, ஆடி மாசம் பெரியபாளையம் பவானியம்மன் கோயிலுக்குச் சொந்த வண்டியில் கூட்டிப்போவதாக மனைவி ஈஸ்வரியிடமும் சொல்லியிருந்தான். ஆடி வந்தது. ஈஸ்வரி பஸ்ஸில் போய் வந்தாள். அடுத்த ஆடியும் பஸ்தான். அவள் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. ரிப்பேர் செய்கிறேன் என்று அவன் கழற்றின அவளுடைய தையல் மிஷின், கல்யாணமான புதிதிலிருந்து பரணில் மூட்டையாகத்தான் கிடக்கிறது. தொட்டது ஒன்றையும் முடிக்காதவன் என்ற பெயர் அவனுக்கு மாமியார் வீடு வரைக்கும் இருந்தது. இந்த ஒன்றையாவது முடித்துவிட்டால் மனுஷன் முகத்தைப் பார்த்துப் பேசலாம் என்று நினைத்தான்.

நினைப்புக்குக் குறைச்சல் இல்லை. வேலைக்குத்தான் உடம்பு வரவில்லை. போனில் பழைய காரைப் புதுசாக்குகிற வீடியோக்கள் பார்ப்பான். துருப்பிடித்த வண்டி பத்தே நிமிஷத்தில் பளபளவென்று ஓடும். பார்த்து முடித்ததும் தானே எல்லாவற்றையும் செய்து முடித்த மாதிரி களைப்பு வந்துவிடும். படுத்துக்கொள்வான்.

உலையில் கூட வேலை செய்கிற எபினேசரிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டான்.

"பிரிச்சுப் போடு," என்றார் எபினேசர். "முழுசா நின்னா தார்ப்பாயப் போட்டு மூடிட்டுப் போயினே இருப்ப. பிரிச்சுப் போட்டா கண்ண உறுத்தும். வேல தானா நடக்கும்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே அன்புராஜ் நாலு சக்கரத்தையும் கழற்றிவிட்டு வண்டியைச் செங்கல் அடுக்கின்மேல் உட்கார வைத்தான். கோயிலுக்குப் போய்த் திரும்பிய ஞானம்மா அதைப் பார்த்தார். கையிலிருந்த பைபிளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"சக்கரத்தையும் கழட்டிட்டியா?"

"வேல ஆரம்பிச்சுடுச்சு பெரிம்மா," என்றான் அவன், கொஞ்சம் பெருமையாகவே.

ஞானம்மா சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலை இறக்கிக்கொண்டு, "சக்கரத்த மாட்டி, நாலு பேர வச்சு அப்பிடியே தள்ளிக்கினு போயிட முடியாதா?" என்றார்.

அன்புராஜுக்குச் சுருக்கென்றது. தள்ளுகிற வண்டி என்று சொல்லிவிட்டாரே. "தள்ளி எடுக்க மாட்டேன் பெரிம்மா. ஸ்டார்ட் பண்ணித்தான் எடுப்பேன். பெரியபாளையத்தா மேல சத்தியம்."

"சத்தியமே பண்ணிட்டியா," என்று ஞானம்மா படியில் உட்கார்ந்துவிட்டார். சாமி பேரில் செய்த சத்தியத்தை மீறச் சொல்கிற ஆள் இல்லை அவர், அது எந்தச் சாமியாக இருந்தாலும். கொஞ்சம் தயங்கி, சேலை நுனியைத் திருகிக்கொண்டே, "எதுக்கு சொல்றேன்னா நைனா... வண்டிக்கு அடியில..." என்று இழுத்தார்.

"அடியிலதான் பெரிம்மா எல்லாக் கோளாறும்," என்று அன்புராஜ் மடக்கினான். வண்டியின் அடித்தகடு துருவேறிக் கிடப்பதைத்தான் சொல்ல வருகிறார் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. "எனக்குத் தெரியாதா? மொத நாளே பாத்துட்டேன்."

"தெரியுமா?" என்று ஞானம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "தெரிஞ்சுமா இப்பிடி?"

அந்தப் பார்வையை அவனால் மறக்க முடியவில்லை. சோம்பேறி என்று யார் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆனால் யாரும் இப்படிக் கண்ணாலேயே சொன்னதில்லை.

வெட்கம் தாங்காமல் அடுத்த வாரம் இஞ்சினையும் இறக்கினான். பிஸ்டன்கள் சமையல்கட்டில் பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தன. கார்புரேட்டர் ஈஸ்வரியின் துவையல் கிண்ணத்தில் பெட்ரோலில் ஊறியது. அவள் ஒரு நாள் சட்டினியை வாயில் வைத்துவிட்டு, எழுந்துபோய்க் கொப்பளித்துவிட்டு வந்தாள். அன்றைக்கு அவன் வேலைக்குப் பட்டினியாகப் போனான்.

ஞானம்மா இப்போதெல்லாம் விடிந்ததும் தோளில் துண்டும் கையில் வாளியுமாக அடுத்த தெருவில் இருக்கிற மகள் சோனியா வீட்டுக்குப் போக ஆரம்பித்திருந்தார். குளிப்பதுகூட அங்கேதான் என்று ஈஸ்வரி சொன்னாள்.

"எதுக்காம்?"

"நான் இன்னாத்த கண்டேன். கேட்டா, விடு ஈஸ்வரின்னு மூஞ்சத் திருப்பிக்கிறாங்க."

அன்புராஜுக்கா தெரியாது? காலையில் எழுந்ததும் அவன் மூஞ்சியிலும் அந்த வண்டியிலும் முழிக்கக் கூடாது என்று போகிறார். ஒரு வயசான மனுஷியைச் சொந்த வீட்டில் குளிக்கவிடாமல் விரட்டிவிட்டோமே என்று அவனுக்குக் கூசியது.

அதற்கு ஒரு பரிகாரம் செய்தான். அது இன்னும் மோசமாகப் போனது. வண்டியைச் சுற்றிச் சிமெண்ட் தரை போட்டால் இடம் ஒரு ஷெட் மாதிரி லட்சணமாக இருக்கும், அவருக்கும் சந்தோஷமாக இருக்கும் என்று ஒரு மூட்டை சிமெண்ட் வாங்கிக் குழைத்தான். கரணையால் முதல் தடவை அள்ளினபோது ஞானம்மா வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தார். அவர் ஓடி அவன் பார்த்ததில்லை. வந்தவர் கரணையைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"சிமெண்ட் மட்டும் வேணாம் நைனா. உன்னக் கையெடுத்துக் கும்புடறேன். சிமெண்ட் போட்டுட்டா ஜென்மத்துக்கும் எடுக்க மாட்ட."

குழைத்த சிமெண்ட் சட்டியிலேயே இறுகிப் போனது. அன்புராஜின் மனசும் அப்படித்தான் ஆனது.

புரட்டாசி பிறந்தது. அந்த மாசம் காற்றில் வாடை அதிகமாக இருந்தது. சிப்காட் பக்கத்திலிருந்து வாடை அடிப்பது அந்தத் தெருவுக்குப் புதுசில்லை. எந்தக் கம்பெனி என்று ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். அன்புராஜும் சாத்தப் போனான். அப்போதுதான் வண்டிக்குப் பக்கத்தில் ஞானம்மாவோடு ஒருவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அடியில் டார்ச் அடித்துப் பார்ப்பதைக் கண்டான்.

"வண்டி நிக்கற வரைக்கும் ஒண்ணியும் பண்ண முடியாது பெரிம்மா," என்று அந்த ஆள் சொல்லிக்கொண்டிருந்தான். "எடுத்தா சொல்லுங்க. லாரிய எடுத்துனு வரேன்."

அது யார் என்று ஈஸ்வரியிடம் கேட்டான். லாரிக்கார லோகு என்றாள்.

லாரி. காயலாங்கடைக்குப் போடப் போகிறார்கள். கேட்டால் தப்பென்று சொல்ல முடியாது, இடம் அவருடையது. வெளியே போய் அவர் முன்னால் நின்றான். வாயைத் திறப்பதற்குள் ஞானம்மாவின் கண் கலங்கிவிட்டது.

"மழைக்கு முன்னாடி எடுத்துடு நைனா. இன்னொரு மழைய நான் தாங்க மாட்டேன்."

மறுநாள் கம்பெனியில் எபினேசரிடம் இதைச் சொல்லிப் புலம்பினான். பொண்டாட்டி கேட்பதையே விட்டுவிட்டாள். தெருவே சிரிக்கிறது. அந்த ஒரு மனுஷிதான் இன்னும் நம்பிக்கை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். லாரிக்காரனைக்கூட அவன் எடுக்கிற வரைக்கும் வராதே என்று நிறுத்தி வைத்திருக்கிறார்.

"பெத்த தாயிகூட இப்பிடி நம்ப மாட்டா," என்றார் எபினேசர்.

அதற்கப்புறம் அன்புராஜ் வீடியோ பார்க்கவில்லை. ஷிப்ட் முடிந்தால் நேராக முன்வாசல் வழியாகவே வந்தான். கை ஓய்ந்து ஸ்பேனர் நழுவும்போதெல்லாம் 'எப்ப நைனா எடுப்ப' என்ற குரல் காதில் கேட்கும். மறுபடி எடுத்துக்கொள்வான். லீவு போட்டான். எபினேசர் தனக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்து வந்தார். பிஸ்டன்கள் சமையல்கட்டை விட்டுப் போயின. சக்கரங்கள் தரையைத் தொட்டன. ஈஸ்வரி கூப்பிடாமலேயே வந்து விளக்குப் பிடித்தாள்.

ஆயுத பூஜை அன்றைக்குக் காலையில் வண்டிக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி. நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. தெருவே கூடி நின்றது. இஸ்திரிக்காரர் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார்.

சாவியைத் திருப்பினான். வண்டி இருமியது. இன்னொரு தடவை திருப்பினான். பெரிதாக ஒரு முறை உதறிக்கொண்டு, கருப்பாகப் புகையைக் கக்கிவிட்டு, அம்பாசடர் உயிர் பிடித்தது.

"ஸ்தோத்திரம்," என்று ஞானம்மா இரண்டு கையையும் மேலே தூக்கினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஒரு பக்கத்து வீட்டு வண்டிக்கு இப்படி அழுகிற மனுஷியை அன்புராஜ் பார்த்ததே இல்லை. அவனுக்கும் அழுகை வந்தது. கிளட்சை விட்டான். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வண்டி அரைக் கார் தூரம் நகர்ந்து நின்றது.

அப்போது தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டது. டேங்கர் லாரி ஒன்று மெல்லப் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. ஓட்டி வந்தவன் லோகு. காயலாங்கடை லாரி இல்லை, தண்ணி லாரி! வண்டியைக் குளிப்பாட்ட லாரித் தண்ணிக்கே சொல்லி வைத்திருக்கிறார் பெரிம்மா. இவரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று அன்புராஜ் குறுகிப்போனான். இறங்கி, இரண்டு வருஷ வெட்கத்தையும் மொத்தமாக இறக்கி வைக்கிற மாதிரி, ஞானம்மாவின் காலில் விழக் குனிந்தான்.

கால் அங்கே இல்லை. ஞானம்மா அவனைத் தாண்டி, வண்டி நின்றிருந்த இடத்துக்குப் போய் மண்ணைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தார்.

குனிந்தவன் குனிந்தபடியே இருக்க, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, தோளில் தடிமனான குழாயோடு லோகு வந்து அவன் முதுகைத் தட்டினான்.

"அண்ணே, வண்டிய இன்னும் ரெண்டடி முன்னால எடுத்துக்கோ. பின் சக்கரம் செப்டிக் டேங்க் மூடி மேல நிக்குது. ரெண்டு வருஷமா அதத் தொறக்கத்தான் அந்தம்மா உன்ன எடு, எடுன்னு கெஞ்சினுகீது."