வாத்தியார் கொதிக்க வைத்த தண்ணீர்

"பக்கத்து வீட்டுல ஒரு சொம்பு வெந்நீர் வாங்கிட்டு வாங்க" என்று மனைவி சொன்னபோதே போயிருக்கலாம். போயிருந்தால் இதைச் சொல்லித் தலைகுனிய வேண்டிய நிலைமை எனக்கு வந்திருக்காது.

காலை எட்டு மணிக்கு கேஸ் தீர்ந்துவிட்டது. பத்து மணிக்கு மனைவியின் அண்ணன் வருகிறார். அவர் வெந்நீர்தான் குடிப்பார். தன் மகளுக்கு இயற்பியல் சொல்லித்தர நான் சரிப்படுவேனா என்று பார்க்கத்தான் வருகிறார். பள்ளியில் பதினேழு வருடமாக நான் இயற்பியல் வாத்தியார். வீட்டில் மட்டும் இன்னும் பாஸாகவில்லை.

"வெந்நீருக்காக ஒருத்தர் வாசல்ல போய் நிக்கணுமா? நான் யாரு?"

"நீங்க யாருன்னு தெரியும். அதனாலதான் போயிட்டு வாங்கங்கறேன்."

"ஸ்லோ குக்கர் எதுக்கு இருக்கு? கரண்ட்லதானே ஓடுது?"

"அது கறி வேகறதுக்குங்க. அதுல தண்ணி கொதிக்கறதுக்குள்ள அண்ணன் ஊர் போய்ச் சேர்ந்துடுவார்."

"வெப்பத்தைப் பத்தி எனக்கே பாடமா?"

அவள் சிரித்தபடி என் சட்டையை எடுத்து உதறினாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். புத்தி கெட்டவன், மீசையைத் தடவிக்கொண்டேன்.

கூடத்து மேஜையில் குக்கரை வைத்து, தண்ணீர் ஊற்றி, சுவிட்சைப் போட்டேன். ஒன்பது மணிக்கு விரலை விட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு. குளித்துவிட்டு வந்தேன். மனைவி இஸ்திரி போட்ட சட்டையை நீட்டினாள். போட்டுக்கொண்டு மறுபடி விரலை விட்டேன். முன்பைவிடச் சூடு குறைவு! சட்டையே தேவலாம். மணி ஒன்பதே முக்கால்.

பின்கதவு வழியாகப் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

"அக்கா, ஒரு சொம்பு வெந்நீர். யாருக்கும் தெரிய வேணாம்."

"எதுக்கு தம்பி, உடம்பு சரியில்லையா?"

"கௌரவம் சரியில்லைக்கா."

குக்கரில் இருந்ததைக் கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றி மூடவும் வாசல் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. மச்சானை உட்கார வைத்து மூடியைத் திறந்தேன். ஆவி பறந்தது.

"அட! இதுலயா மாப்பிள்ளை தண்ணி கொதிக்க வெச்சீங்க?"

"பொறுமை வேணும் மச்சான். சூடு சொட்டுச் சொட்டாத்தான் சேரும். அவசரக்காரங்களுக்குப் புரியாது" என்று மனைவியைப் பார்த்தேன்.

"இன்னும் கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்களேன்" என்றாள் பணிவாக.

சொன்னேன். பத்து நிமிடம் சொன்னேன். செய்தித்தாள் ஓரத்தில் படம்கூட வரைந்தேன்.

நான் பேனாவை மூடியதும், அவள் மேஜைக்குப் பின்னால் கையை விட்டு ஒயரை இழுத்தாள். அதன் நுனியில் பிளக் தொங்கியது.

"உங்க சட்டைக்கு இஸ்திரி போட இதை ஒன்பது மணிக்கே பிடுங்கிட்டேன். திரும்ப மாட்டவே இல்லை. அப்புறம் எந்தச் சூடுங்க சேர்ந்துது?"

மச்சான் என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பொய் சொன்னதைக்கூட மறந்துவிடுவேன். அதற்குப் படம் வரைந்தேனே, அதுதான் இன்றும் சுடுகிறது.

ஆனாலும் மச்சான் பெருந்தன்மையானவர். மகளை அனுப்பினார். வாரம் இரண்டு நாள் வருகிறாள், கெட்டிக்காரப் பெண். நான் ஒவ்வொரு விதியைச் சொல்லி முடித்ததும், தையல் மெஷின் முன் உட்கார்ந்திருக்கும் என் மனைவியைத் திரும்பிப் பார்த்துக் கேட்கிறாள்:

"நிஜமா அத்தை?"