துப்பில் கிடைத்த துப்பு

இனி ஜென்மத்துக்கும் பெண்டாட்டியிடம் மாட்டுவதில்லை என்று மக்பூல் சார் சபதம் எடுத்தது, பள்ளிக்கூட ஆய்வகத்தில், ஒரு சோதனைக்குழாய்க்குள் துப்பிக்கொண்டே.

திருவண்ணாமலையில் பதினெட்டு வருஷமாக அறிவியல் வாத்தியார் அவர். போன மாதம் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. மதியச் சோற்றுக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் நடுவில் எதையும் தொடக்கூடாது என்றார் டாக்டர். அதைக் கேட்டுக்கொண்டது மக்பூல். பிடித்துக்கொண்டது அவர் மனைவி வஜீதா.

வினையை விலைக்கு வாங்கியவரும் அவரேதான். பால்காரர் பாலில் மாவு கலக்கிறார் என்று காட்ட, ஒரு பாட்டில் அயோடின் வாங்கி வந்தார். "மாவு இருந்தா நீலமாயிடும், பாரு!"

பால் நீலமாகவில்லை. ஆனால் வஜீதாவுக்கு ஆசை பற்றிக்கொண்டது. சோற்றில் விட்டாள்: நீலம். உருளைக்கிழங்கு: நீலம். முட்டை: ஒன்றுமில்லை. முகப் பவுடரைக்கூட விடவில்லை. வீட்டில் பாக்கி இருந்தது புருஷன் மட்டும்தான்.

"ஏங்க, வாயக் கொப்புளிச்சு இந்த டம்ளர்ல துப்புங்க."

நீலம்! மூன்று நாள் தொடர்ந்து நீலம். ஸ்கூல் விட்டு வரும் வழியில் தின்ற போண்டா, வாயில் ஒட்டிக்கொண்டு காட்டிக்கொடுத்தது.

"இன்னொரு வாட்டி நீலமாச்சுன்னா, ஸ்கூல் விடற நேரத்துக்கு நானே வாசல்ல வந்து நிப்பேன். கையப் புடிச்சுக் கூட்டிட்டு வருவேன்."

நானூறு பையன்கள் பார்க்க! அதனால்தான் இந்த ஆராய்ச்சி. எச்சிலில் ஒரு நொதி உண்டு. மாவை நறுக்கி நறுக்கிச் சர்க்கரையாக்கிவிடும். மாவே இல்லாவிட்டால் நீலம் ஏது? குழாயில் கஞ்சியும் எச்சிலும். பத்து நிமிஷம் கழித்து அயோடின் விட்டார். நீலமில்லை!

அன்று சாயங்காலம் தேரடித் தெரு டீக்கடையில் நாலு போண்டா. வாய்க்கு முப்பத்திரண்டு மெல்லல்.

"பல்லு வலியா சார்?" என்றார் கடைக்காரர் அப்பாசாமி.

கடைசி வாயைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு, கோயில் மதிலை ஒரு சுற்றுச் சுற்றி, விழுங்கிவிட்டு வீட்டுக்கு வந்தார். கேட்பதற்கு முன்னாலேயே துப்பினார்.

வஜீதா அயோடின் விட்டாள். டம்ளரையே பார்த்தாள். மஞ்சள்.

"பாத்தியா! சும்மா சந்தேகப்படறதே உனக்கு வேலையாப் போச்சு."

"இருங்க." அலமாரியிலிருந்து இன்னொரு பாட்டிலை எடுத்தாள். சிறுநீரில் சர்க்கரை பார்க்க டாக்டர் கொடுத்த நீலத் தண்ணீர்; சர்க்கரை இருந்தால் காய்ச்சும்போது சிவக்கும். அதில் கொஞ்சம் குழாயில் ஊற்றி, "இன்னொரு வாட்டி, இதுல துப்புங்க" என்று வாங்கி, ஸ்டவ்வில் காட்டினாள். பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் வந்து நின்றது.

"சோத்த ரொம்ப நேரம் மென்னா இனிக்குதேன்னு யோசிச்சேன். மாவு எங்கதான் போகுதுன்னு, நானே மென்னு துப்பிக் காய்ச்சினேன். இதே செவப்பு!"

மக்பூல் குழாயை எட்டிப் பார்த்தார். பதினெட்டு வருஷத்தில் ஒரு பையன்கூட இதைக் கேட்டதில்லை. ஆனாலும் சமாளித்தார்.

"சர்க்கரை வியாதிக்காரன் எச்சில் அப்படித்தான் இருக்கும்."

"காத்தால வெறும் வயித்துல துப்பச் சொன்னேன் இல்ல? அதையும் காய்ச்சினேன். நீலமாவே இருந்துச்சு."

வாத்தியாருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நாலு போண்டாவுக்கு இவ்வளவு செவக்காது! உன் கணக்குல ஏதோ தப்பு இருக்கு!"

வஜீதா அடுப்பை அணைத்தாள்.

"நாலா? நான் ரெண்டுன்னுல்ல நெனச்சேன்?"