கல்யாண மகாலில் அசையாத முள்

கழுத்தில் பழைய பிலிம் கேமரா தொங்கினால், ஒன்றும் தெரியாதவனுக்கும் எல்லாம் தெரிந்த முகம் வந்துவிடும். எனக்கு வந்திருந்தது.

தங்கை மலருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை பட்டாளத்துக்காரர். லீவு முடிந்து மறுநாள் கிளம்பினால் கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் திரும்புவார். அதற்குள் மண்டப வாசல் பேனருக்கு இருவரும் சேர்ந்து நிற்கிற போட்டோ வேண்டும். "நான் எடுக்கறேன்" என்றேன் (யாரும் கேட்கவில்லை). இருவரையும் கோட்டைக்குக் கூட்டிப்போய், போன்களைப் பிடுங்கி வண்டிப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். கலைக்கு போன் ஆகாதாம்.

கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகால் எதிரே நல்ல வெயில். கேமராவுக்குள் தெரியும் முள் நடுவில் நின்றால் வெளிச்சம் சரி என்று அர்த்தம். நின்றது. நானும் சுட்டுத் தள்ளினேன். பிலிம் முடியப்போகும் நேரத்தில் மலர் கேமராவை வாங்கிப் பார்த்தாள். வல்லத்தில் ரத்தப் பரிசோதனை லேப் டெக்னீஷியன் அவள். எந்த மெஷினையும் சந்தேகப்பட்ட பிறகுதான் நம்புவாள்.

"இன்னாண்ணா, லென்ஸ் வளையத்த திருப்பறேன், முள்ளு அசையாம இருக்குது?"

"பழைய மாடலு, அப்படித்தான்."

"வெளிச்சத்த கொறைக்கற வளையம்னு நீதான சொன்ன? கொறைச்சா முள்ளு எறங்க வேணாமா?"

குனிந்து பார்த்தாள். லென்ஸ் மேலிருந்த கொக்கி, கேமராவின் சின்னக் குச்சியைப் பிடிக்காமல் தனியே நின்றது. லென்ஸைக் கழற்றி, குச்சி கொக்கியில் மாட்டும்படி பொருத்தி, வளையத்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினாள். முள் துள்ளியது. (கேமராவை விற்றவர் இதைச் சொல்லியிருந்தார். நான் தலையாட்டியதோடு சரி.) எனக்கு உள்ளுக்குள் பிரமிப்பாக இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"அவரு பக்கத்துல நில்லு, சோதிச்சுப் பாக்கறேன்" என்று முள்ளை நடுவில் நிறுத்தி ஒன்று எடுத்தாள். பிலிம் தீர்ந்தது.

"எதுக்கும் போன்ல ஒண்ணு எடுத்துக்கலாண்ணா."

"தேவையே இல்ல. எல்லாம் பிரமாதமா வரும்."

மாப்பிள்ளை கிளம்பிப் போன பிறகு பிலிம் கழுவி, பிரிண்ட் போட்டு வந்தது. வளையம் வெளிச்சத்தைக் குறைத்தது முள்ளுக்குத் தெரியாததால், நான் எடுத்ததெல்லாம் கன்னங்கரேலென்று இருந்தது. "மலையனூர் அமாவாசைலயா எடுத்த?" என்று கேட்டார் அம்மா. மலர் எடுத்த ஒன்று மட்டும் பளிச்சென்று விழுந்திருந்தது. மாப்பிள்ளையும் நானும், தோளில் கைபோட்டபடி. அவ்வளவு அழகான போட்டோவை இன்றுவரை நான் எடுத்ததில்லை.

கடைசியில் இரண்டு பாஸ்போர்ட் சைஸ் படங்களை ஒட்டி பேனர் அடித்தார்கள். அதில் மணமக்கள் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மலர் எடுத்த படம் இப்போது அவள் வீட்டு ஹாலில் பெரிதாக மாட்டியிருக்கிறது. போன வாரம் அவள் மகள் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"மாமா, உனக்கும் அப்பாவுக்கும் எப்ப கல்யாணம் ஆச்சு?"

சமையலறையிலிருந்து மலர்தான் பதில் சொன்னாள்.

"அது தெரியாது பாப்பா. ஆனா போட்டோகிராபர் நாந்தான்."