மாமாவின் வேகனுக்கு ஈயம் பூசிய கதை

கோபம் வந்தால் சிலர் சாப்பிட மாட்டார்கள், சிலர் பேச மாட்டார்கள். எனக்குக் கோபம் வந்தால் அடுத்தவர் கையில் இருக்கிற வேலையைப் பிடுங்கி நானே செய்ய ஆரம்பித்துவிடுவேன். இப்படிப் பிடுங்கிச் செய்ததில் உருப்பட்ட வேலை ஒன்றுகூட இல்லை என்பதை இந்த வயதில் ஒப்புக்கொள்வதற்கு எனக்கு வெட்கமில்லை. (என் மருமகள் இதைப் படித்துவிட்டு, "இப்பமாவது ஒத்துக்கிட்டீங்களே அத்தே" என்பாள். சொல்லிவிட்டுப் போகட்டும்.)

சுதந்திரம் வந்து ஆறேழு வருஷம் கழிந்து எனக்குக் கல்யாணம் ஆனது. மார்த்தாண்டத்தில் குடித்தனம். இவர் பள்ளிக்கூடத்தில் பூகோளம் எடுத்தார். (இவர் என்றால் என் வீட்டுக்காரர் தங்கராஜ். பேரை வாயால்தான் சொல்லக் கூடாது, எழுதினால் குற்றமில்லை.) மாமா, அதாவது இவருடைய அப்பா, திருநெல்வேலியில் கூட்ஸ் வண்டி கார்டு. முப்பது வருஷத்துக்கு மேல் வண்டியின் கடைசிப் பெட்டியில் நின்று பச்சைக் கொடி காட்டியவர். என் மாமியார் இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. மாமா ரிட்டயர் ஆகிற நேரம் வந்ததும், அப்பா இனிமேல் நம்மோடு இருக்க வேண்டும் என்று இவருக்கு ஒரே ஆசை. மாமா முடியாது என்று எழுதிவிட்டார். காரணம், எங்கள் ஊரில் ரயில் இல்லை!

அது உண்மைதான். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் முழுக்கத் தேடினாலும் தண்டவாளம் என்று ஒரு முழம் இரும்பு கிடைக்காது. ரயிலைப் பார்க்க வேண்டுமானால் மேற்கே திருவனந்தபுரம் போக வேண்டும், இல்லாவிட்டால் ஆரல்வாய்மொழி தாண்டித் திருநெல்வேலி போக வேண்டும். "வண்டிச் சத்தம் கேட்காமல் எனக்கு உறக்கம் வராது. ஸ்டேஷன் பக்கத்திலேயே ஒரு அறை பார்த்திருக்கிறேன்" என்று எழுதியிருந்தார். இவர் அதுவரைக்கும்தான் எனக்கு வாசித்துக் காட்டினார். இவர் பள்ளிக்கூடம் போன பிறகு நான் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அடுத்த வரி இது: "உன் வீட்டுக்காரி ரயிலையே கண்ணால் பார்த்திராதவள். அவளிடம் நான் என்னத்தைப் பேசிக்கொண்டிருக்க?"

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. நான் பூதப்பாண்டிப் பக்கம் வயல்காட்டு ஊரில் பிறந்தது என் குற்றமா? ரயிலை எங்கள் ஊருக்கு விடாதது நானா?

கடிதத்தோடு ஒரு பெட்டியும் வந்திருந்தது. வெள்ளைக்கார மேலதிகாரி ஒருவர் தன் நாட்டுக்குத் திரும்பும்போது மாமாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனதாம். உள்ளே அச்சில் வெட்டிய பித்தளைத் தகடுகள், நாலு குட்டி இரும்புச் சக்கரம், ஈயம் மாதிரி ஒரு உலோகத்தில் வார்த்த சின்னச் சின்ன உருப்படிகள், ஒரு இங்கிலீஷ் தாள். எல்லாவற்றையும் பற்றவைத்துச் சேர்த்தால் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கூட்ஸ் வேகன் ஆகும். மூடி இல்லாத, நிலக்கரி ஏற்றுகிற வேகன். மாமாவுக்குக் கை நடுக்கம், அவரால் செய்ய முடியாது. "நீ பொருத்தி வை. மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அதைப் பார்த்த பிறகு, உங்கள் ஊரில் எனக்குப் பொழுது போகுமா என்று முடிவு செய்கிறேன்." சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவேன் என்றும் எழுதி, அதற்கு அடியில் ஒரு கோடும் போட்டிருந்தார்.

இவருக்குப் பூகோளம் தெரியும், பித்தளை தெரியாது. பெட்ரோமாக்ஸ் விளக்கு ரிப்பேர் செய்கிறவரிடம் சால்டரிங் அயர்ன் இரவல் வாங்கி வந்தார். நுனியில் செம்புக் கட்டி வைத்த கம்பி அது. கரியடுப்பில் சுடவைத்து, ஒட்ட வேண்டிய இடத்தில் திராவகத்தைத் தடவி, ஈயத்தை உருக்கிவிட வேண்டும். முதல் நாள் இவர் கட்டை விரலைச் சுட்டுக்கொண்டார். இரண்டாம் நாள் ஆள்காட்டி விரல். மூன்றாம் நாள் தகட்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஈயம் ஒட்டியிருந்தது, இவருடைய வேட்டி உட்பட.

"தள்ளுங்க அந்தப் பக்கம்" என்று பிடுங்கினேன்.

அதன்பிறகு இவர் தாளை வாசிப்பார், நான் பற்றவைப்பேன். அந்தத் தாளை எழுதினவன் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால்! ஐந்தாவது தகட்டை ஒட்டச் சொல்வான். படாத பாடுபட்டு ஒட்டி முடித்ததும் அடுத்த வரியில், ஐந்தாவதை ஒட்டுவதற்கு முன்னால் இரண்டாவதை ஒட்டியிருக்க வேண்டும் என்பான். இதை முதலில் சொன்னால் வாய் வெந்தா போகும்? இந்த மூலையைச் சுடவைத்தால் அந்த மூலை கழன்று விழும். அந்த மூலையை ஒட்டினால் இந்த மூலை. கடைசியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒட்டிய மூலைகளில் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு அடுத்ததை ஒட்டினால், சூடு அங்கே போகாது, ஈயம் இளகாது. (இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சூடு பட்டால் ஒட்டு விடும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்த பிறகுதான் அந்தக் கூத்தைச் செய்தேன்.)

மாசக் கடைசி வாரம் புதன்கிழமை வேகன் தயார். மேஜையில் வைத்துத் தள்ளினால் கடகடவென்று ஓடியது. "அப்பா இதைப் பாத்தா போகவே மாட்டாரு, கேட்டியா" என்று இவர் சின்னப் பிள்ளை மாதிரி அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். தாளில் இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கிறது என்றார். "போதும், மூடி வைங்க. அவன் சொன்னதக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைவலியே வந்தாச்சு" என்றேன்.

அந்த ஒரு வரி என்ன தெரியுமா? திராவகம் போக நன்றாகக் கழுவவும்.

வியாழக்கிழமை காலையில் எழுந்து பார்க்கிறேன், வேகனின் மூலைமுடுக்கெல்லாம் பச்சை. களிம்பு! எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. நிஜப் புளியையும் கரைத்து, சாம்பல் சேர்த்துத் தேய்த்தேன். வெளிப்பக்கம் பளபளவென்று வந்தது. உள்மூலைகளில் விரல் நுழையவில்லை, பச்சையும் போகவில்லை. மூன்று நாளில் மாமா வருகிறார். இவர் பள்ளிக்கூடம் போய்விட்டார். அந்த நேரம் பார்த்து, யார் செய்த பாவமோ, தெருவில் சத்தம் கேட்டது.

"ஈயம் பூசணுமா, ஈயம்!"

எங்கள் வீட்டில் பித்தளையில் களிம்பு ஏறினால் உடனே ஈயம் பூசிவிடுவோம். சோற்றுப் பானைக்கும் அதுதான், குழம்புச் சட்டிக்கும் அதுதான். வேகனும் பித்தளை, அதிலும் களிம்பு. வேறென்ன யோசிக்க இருக்கிறது? தெருப் பெண்கள் எல்லாம் அண்டாவும் குண்டாவுமாக வரிசையில் நிற்க, நான் ஒரு சாண் வேகனோடு போய் நின்றேன்.

"இது என்ன பாத்திரம் தாயி?" என்றார் ஈயம் பூசுகிறவர்.

"நிலக்கரி வைக்கது."

அவர் ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனாலும் தொழில்காரர், கேள்வி கேட்கவில்லை. வேகனை இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டி, துருத்தியை ஊதி, நவச்சாரப் பொடியைத் தூவினார். வெள்ளைப் புகை குப்பென்று எழும்பியது. அடடா, நல்ல வேலைக்காரர் என்று நினைத்துக்கொண்டு நிற்கிறேன், ஒரு சக்கரம் டக்கென்று தீக்குள் விழுந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் இடது பக்கத் தகடு, வலது பக்கத் தகடு, அடித்தகடு என்று வேகன் ஒவ்வொன்றாக என் கண் முன்னால் பிரிந்தது. இடுக்கியில் கடைசியாக மிஞ்சியது ஒரே ஒரு கொக்கி.

"ஐயோ, நிறுத்தும்! நிறுத்தும்!" என்று கத்தினேன்.

"ஒட்டுப்போட்ட பாத்திரம்னு சொல்லப்படாதா தாயி? சூடு பட்டா ஒட்டு நிக்குமா? சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே" என்றார் அவர். தெருவே சிரித்தது. அவர் பாவம், தகடுகளைத் தீயிலிருந்து பொறுக்கி, எடுத்த வேலையில் குறை வைக்காமல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் ஈயம் பூசியே கொடுத்தார். ஆனால் வேகனின் முன்னும் பின்னும் இடிதாங்கி என்று நாலு குமிழ் உண்டே, வார்த்த உருப்படிகள், அவை உருகிக் கரியோடு கரியாகப் போய்விட்டன.

மத்தியானம் இவர் சாப்பிட வந்தார். முறத்தில் நான் பரப்பி வைத்திருந்த வெள்ளைத் தகடுகளைப் பார்த்தார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி மனசை ஆற்றியிருப்பேன். இவர் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "அப்பா இனி நம்மகூட இருக்க வரமாட்டாரு" என்றார். அவ்வளவுதான். சாப்பிடாமலே எழுந்து போய்விட்டார். எனக்கு என் மேலேயே வந்த ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை இவர் பள்ளிக்கூடம் போன கையோடு கரியடுப்பை மூட்டினேன். ஈயம் பூசிய தகடு தொட்டால் ஒட்டியது, திராவகமே தேவைப்படவில்லை. இடிதாங்கிக்குப் பதிலாக, இவர் தேசப்படம் மாட்ட வைத்திருந்த பித்தளை டிராயிங் பின் நாலை எடுத்து ஒட்டினேன். அப்போதுதான் ஒரு பெரிய தப்பு என் கண்ணில் பட்டது. முதல் தடவை இவர் தாளை வாசித்துச் சொன்னபடி, பக்கத் தகட்டில் இருக்கிற கதவுத் தாழ்ப்பாள் வெளியே தெரிகிற மாதிரி ஒட்டியிருந்தோம். எந்த வீட்டிலாவது தாழ்ப்பாள் வெளியில் இருக்குமா? கள்ளன் வந்து திறக்கவா? நல்லவேளை பார்த்தேன் என்று பக்கத் தகடுகளைத் திருப்பி, தாழ்ப்பாளும் கீலும் உள்ளே வருகிற மாதிரி உறுதியாகப் பற்றவைத்தேன். சாயங்காலம் இவர் வந்து பார்த்து வாயைத் திறந்தார், என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். கையில் ஒரு துணிப்பை மட்டும்தான். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். மேஜையில் சோறும் மீன் குழம்பும் நெல்லிக்காய் ஊறுகாயும் வைத்து, நடுவில் வேகனையும் வைத்தேன். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வேகனைத் தொடாமல், தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"தாழ்ப்பாள் எங்க?"

"உள்ள இருக்கு மாமா."

"உள்ளயா? அப்போ சரக்க இறக்குறது யாரு? நிலக்கரியே தாழ்ப்பாளத் திறந்துக்கிட்டு இறங்கி வருமா?"

நான் குழம்புச் சட்டியை அவர் பக்கம் நகர்த்தினேன். மாமா டிராயிங் பின்களை விரலால் எண்ணினார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். "இது என்ன வெள்ளையா?"

"ஈயம்."

"வேகனுக்கு ஈயமா! எதுக்கு?"

இவர் கண்ணால் சாடை காட்டினார், சும்மா இரு என்று. நான் எங்கே சும்மா இருந்தேன்?

"பின்ன என்ன செய்யச் சொல்லுதீங்க மாமா? பச்சைப் பச்சையாக் களிம்பு ஏறிச்சு. பித்தளையில களிம்பு ஏறினா ஈயம்தான் பூசணும், எனக்கு அதுதான் தெரியும். நான் ரயிலக் கண்டேனா, வேகனக் கண்டேனா? கூட இருந்து சொல்லித் தர ஆள் இருந்தா ஒழுங்காச் செய்திருக்க மாட்டேனா? அங்க இருந்துக்கிட்டு, ரயிலையே பாக்காதவள்னு கடுதாசி எழுதினா ஆச்சா?"

இவர் கை சோற்றில் அப்படியே நின்றது. கடிதத்தை நான் படித்தது அப்போதுதான் இவருக்கே தெரியும். மாமா என்னையே பார்த்தார். சரி, பையைத் தூக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தோள் குலுங்கியது. அப்புறம் சிரிப்பு வெடித்தது. கண்ணில் தண்ணீர் வர, இருமி, மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அம்மா இறந்த பிறகு அப்பா சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று இவர் பிறகு சொன்னார்.

"ஈயம் பூசினதுன்னா புளிச்சது வைக்கலாமே" என்றார் மாமா. நடுங்குகிற கையால் ஊறுகாயை அள்ளி அள்ளி வேகனில் போட்டார், பாதி மேஜையில் சிந்தியது. பிறகு மகனைப் பார்த்து, "ஏலே, லைன் கிளியரா?" என்றார்.

"கிளியர்ப்பா" என்றார் இவர். நடுவில் இருந்த தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வழி விட்டார்.

வேகன் மேஜைப் பலகைகளின் இடுக்குகளில் தடக் தடக் என்று ஏறி இறங்கி இவருடைய தட்டுக்குப் போனது. அங்கிருந்து எனக்கு வந்தது. அதுவே போவதும் வருவதுமாக இருந்ததில் சாயங்கால பஸ் போய்விட்டது. மாமா கடிகாரத்தைப் பார்த்தார். "மக்களே, பாய் ஒண்ணு எடுத்துப் போடு" என்றார். எங்கள் ஊர்ப் பக்கம் பெற்ற பிள்ளையைக் கூப்பிடுகிற சொல் அது. என்னைத்தான் மக்களே என்றார்.

அந்தப் பாயைச் சுருட்டப் பத்தொன்பது வருஷம் ஆனது. அத்தனை வருஷமும் எங்கள் வீட்டில் ஊறுகாய் கூட்ஸ் வண்டியில்தான் வந்தது. யாராவது புதுச் சாமான் வாங்கினால், அது ரேடியோவோ சைக்கிளோ, "கிரேஸ் கையில குடுக்காத, ஈயம் பூசிருவா" என்பார் மாமா. (கிரேஸ் நான்தான்.) இப்போது என் பேரப்பிள்ளைகள் செல்போன் வாங்கினாலும் அதையேதான் சொல்கிறார்கள். அவர்களுக்கு ஈயம் என்றால் என்னவென்றே தெரியாது.

நாகர்கோவிலுக்கு ரயில் வந்தபோது மாமா இல்லை. கொஞ்ச நாள் கழிந்து ஒரு கூட்ஸ் வண்டி வந்து நிற்கிறது என்று கேள்விப்பட்டு, குடும்பமாகப் பார்க்கப் போனோம். "அம்மா, பாருங்க, ஈயமே பூசல்ல" என்று ஸ்டேஷன் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான் என் மகன். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான் இருந்தது. ஒவ்வொரு வேகனாக நடந்து கடைசிப் பெட்டி வரைக்கும் பார்த்தேன், எல்லாவற்றிலும் வெளிப்பக்கம்தான். "சரி மாமா, உங்க பக்கம்தான் நியாயம்" என்று அந்தக் கடைசிப் பெட்டியைப் பார்த்துச் சொன்னேன். எனக்கு நல்ல கோபம் வந்தது. அதைச் சொல்லிச் சண்டை போட ஆள்தான் இல்லை.